கழுத்தின் இடப்பக்கம்: சேஃப்டி ரேசரும் சவரக் காயமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தை மாதத்தில் ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். வயது முப்பதுகளின் நடுவில். வீடு செங்கோட்டைக்குப் பக்கம்; வேலை கணவாயைத் தாண்டிக் கேரளத்துப் புனலூரில், நகைக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கிளையில். கவுண்டரில் உட்காருகிறவர் தினமும் முகம் மழித்து வரவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வாரத்தில் பாதி நாள் காலை பஸ்ஸில் போய் வருவார். வேலை நெருக்கும் நாட்களில் புனலூரிலேயே நண்பரின் அறையில் தங்கிவிடுவார். சட்டைக் காலரின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டித்தான் பேச ஆரம்பித்தார். பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை.

"பிளேடு நாலு கம்பெனி மாத்திட்டேன் டாக்டர். எதுக்கும் கேக்க மாட்டேங்கு. எங்கப்பா இதே ரேசர்லதான் அத்தன வருசமா வழிக்காக. அவுகளுக்கு ஒரு கீறல் கெடையாது."

"ஷேவிங் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி வருகிறவர்களிடம் உண்மையில் மூன்று தனித்தனித் தொந்தரவுகள் இருக்கும். ஒன்று வெட்டு, அதாவது கண்ணுக்குத் தெரிந்து ரத்தம் வருவது. இரண்டாவது எரிச்சல்: தோலின் மேலடுக்கு சுரண்டப்பட்டுச் சிவந்து காந்துவது. மூன்றாவது, முடி தோலுக்குள் திரும்பி வளர்ந்து பருப்போல எழும்புவது. மூன்றுக்கும் காரணம் வேறு, கைமருந்தும் வேறு. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பிளேடை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால்தான் ஆண்டுக்கணக்கில் தீராமல் போகிறது. இவரிடம் மூன்றும் ஒரே கழுத்தில் இருந்தன. அதனால்தான் இதை விரிவாக எழுத நினைத்தேன். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் சொன்ன வரலாறு

கல்லூரிக் காலத்திலிருந்து மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர்கள்தான். வேலைக்குச் சேர்ந்து தினசரி சவரம் ஆனதும் கழுத்தில் பரு எழும்ப ஆரம்பித்தது. ஒற்றை பிளேடு தோலுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அப்பாவின் பழைய பித்தளை சேஃப்டி ரேசரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே போய் நறுக்கும். முடி உள்ளே வளர அதுவே வழி. ஆனால் ரேசர் மாறியதே தவிர, பழைய ரேசர் பழக்கிய கை மாறவில்லை. பரு அப்படியே இருக்க, வெட்டும் சேர்ந்துகொண்டது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கிரீம் வாங்கித் தடவியிருக்கிறார். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வந்தது. டியூபை வாங்கிப் பார்த்தேன். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஸ்டீராய்டுக்கும் சேர்த்து ஒரே கலவை. முகத்திலும் கழுத்திலும் இதை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் சிவந்து தெரியும், படர்தாமரை இருந்தால் உருமாறி மறைந்துகொள்ளும். அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன்.

எழுந்து போகிற நேரத்தில்தான் முக்கியமான செய்தியைச் சொன்னார். "மாலை போட்டா எல்லாம் அடங்கிரும் டாக்டர். கழுத்து சுத்தமா ஆயிரும். கழட்டி ஒரு வாரத்துல திரும்ப வந்துரும்."

வருடா வருடம் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, மார்கழிக் கடைசியில் சபரிமலை போய்வந்து கழட்டுகிறவர். விரதம் முடியும்வரை தாடியில் கத்தி படாது. அலுவலகத்திலும் மாலை போட்டவர்களுக்கு அதற்கு அனுமதி உண்டு. ஐயப்பன் கோயில்கள் உள்ள ஆரியங்காவையும் அச்சன்கோவிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் பகுதியில் ஐப்பசி முடிந்தால் ஊரில் பாதிப்பேர் தாடியோடுதான் இருப்பார்கள். அவர் பக்தி அவருக்கு. அதோடு தோல் சொன்ன செய்தி ஒன்றும் இருந்தது: சவரத்தை நிறுத்தினால் முழுதாக ஆறுகிற பரு, பெரும்பாலும் முடி உள்ளே திரும்பி வளர்வதால் வருகிற பரு. தாடி நீண்டுவிட்டால் உள்ளே செருகிய முனை தானாக வெளியே வந்துவிடும். புதிதாகச் செருக முனையும் இருக்காது. எந்தச் சோதனையையும் விட இந்த ஒரு வாக்கியம் எனக்கு உதவியது.

கழுத்தைப் பார்த்தபோது

கன்னங்களில் ஒன்றுமில்லை. தாடை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் கடுகளவில் சிவந்த மேடுகள், சிலவற்றில் சீழ்முனை, ஆறிய இடங்களில் கருத்த தழும்பு. வெட்டுக்காயங்கள் மட்டும் பெரும்பாலும் இடப்பக்கம்: தாடை வளைவிலும் குரல்வளை மேட்டின் ஓரத்திலும் மெல்லிய நேர்க்கோடுகளாக. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் சில மேடுகளில் முடி வளையமாகத் திரும்பித் தோலுக்குள் நுழைந்திருந்தது அப்படியே தெரிந்தது. பூஞ்சைக்காகச் செதில் சுரண்டிப் பார்த்தேன், இல்லை. அடிக்கடி சீழ் வைக்கிறவர்களுக்குச் சர்க்கரை பார்ப்பது வழக்கம், அளவோடு இருந்தது.

பருவுக்கு விடை கிடைத்துவிட்டது. வெட்டு ஏன் ஒரே பக்கம்? கை வலக்கை என்பதால் இடப்பக்கம் எட்டுவது சிரமம் என்று சொல்லி விட்டிருக்கலாம். மனது ஒப்பவில்லை. அடுத்த முறை ரேசர், பிரஷ், கிரீம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, முந்தின நாள் சவரம் செய்யாமல் வரச்சொன்னேன்.

ரேசரும் கையும்

மூன்று துண்டாகக் கழற்றும் ரேசர்: மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அடித்தட்டின் ஓரத்தில் சோப்புக் கசடு சுண்ணாம்பாக இறுகிப் போயிருந்தது. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. அதன்மேல் பிளேடை வைத்து முடுக்கினால் ஒரு விளிம்பு கூடுதலாக வெளியே நீட்டியது. பக்கவாட்டில் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்தபோது அவருக்கே தெரிந்தது.

1904இல் அமெரிக்காவில் இந்த வகை ரேசருக்குக் காப்புரிமை பெற்ற கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனையே, தடித்த கத்திக்குப் பதிலாக மெல்லிய தகட்டைப் பயன்படுத்துவதுதான். ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தத் தகட்டுக்கு என்று தனி விறைப்பு கிடையாது. மூடியும் தட்டும் இருபுறமும் சமமாக அழுத்தி வளைத்துப் பிடிப்பதால்தான் அது கத்தி ஆகிறது. பிடிப்பு ஒருபக்கம் பிசகினால் விளிம்பு அதிரும், கோணம் மாறும், வெட்டும். டோபாஸ் பிளேடு போட்டாலும் வில்கின்சன் பிளேடு போட்டாலும் இதில் வித்தியாசம் இல்லை.

பிறகு வாஷ்பேசின் முன்னால் நிற்கவைத்து, வீட்டில் செய்வதுபோலவே செய்யச் சொன்னேன். முகத்தில் இரண்டு கை தண்ணீர். கிரீமைப் பிதுக்கி வேகமாக ஒரு தேய்ப்பு. நுரை வெளுப்பாக, தளதளவென்று ஓடியது. கைப்பிடியைத் தலைப்பக்கமாக இறுக்கிப் பிடித்து, இடக்கையால் கழுத்துத் தோலைக் கீழே இழுத்து விறைப்பாக்கி, காலர் எலும்பிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பு. கழுவவில்லை. நுரை போன அதே இடத்தில் இன்னொரு இழுப்பு. விரலால் தடவிப் பார்த்து, முள் தட்டியதும் மூன்றாவது இழுப்பு, இப்போது தோல் வெறுமையாக. விரல்நுனிகள் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம்.

"கொஞ்சம் விட்டுப் பிடிங்க தம்பி."

"நானும் மெதுவாத்தான் இழுக்குதேன் டாக்டர்."

மெதுவாகத்தான் இழுத்தார்; வேகமும் அழுத்தமும் வேறு வேறு. கார்ட்ரிட்ஜ் ரேசரின் தலை ஸ்பிரிங் வைத்து ஆடும். அழுத்தினால் தானே வளைந்துகொடுக்கும். அதில் பழகிய கை அழுத்தத்தையே சவரம் என்று நினைத்துக்கொள்கிறது. சேஃப்டி ரேசரின் தலை அசையாது. அழுத்தினால் தோல்தான் பிளேடுக்கும் தட்டுக்கும் இடையில் பிதுங்கும். பிதுங்கிய தோல் வெட்டுப்படும். உலோக ரேசரின் சொந்த எடையே முடியை நறுக்கப் போதும்.

அன்று அவரோடு அப்பாவும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவர் கையில் ரேசரைக் கொடுத்தேன். கைப்பிடியின் அடிநுனியை மூன்று விரலில் தாங்கி, கன்னத்தில் வைக்காமலே காற்றில் இரண்டு சிற்றிழுப்பு இழுத்துக் காட்டினார். "ரேசரு அதுபாட்டுக்குப் போவும். நாம புடிச்சிக்கிட்டா போதும்லா." காலையில் சோப்பைப் போட்டுவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நுரையோடேயே அடுப்படிக்குப் போய்க் காப்பி ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவாராம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சவரம். மேலிருந்து கீழே ஒரே தடவை. நான் எழுதிக்கொடுக்க வேண்டியதில் பாதியை அவர் அறியாமலே சொல்லிவிட்டார்.

மகனின் முடி அப்பாவின் முடி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தந்தைக்கு நேரான, நரைத்த, மெலிந்த முடி. மகனுக்குத் தாய்வழிச் சுருட்டை. ஒரே ரேசர் இரண்டு முகத்தில் இரண்டுவிதமாக நடந்துகொண்டதற்கு இதுவும் காரணம்.

இரண்டு பாட்டில் தண்ணீர்

புனலூரில் தங்கும் நாட்களில் காயம் குறைவு என்று அவர் சொன்னதைக் குறித்து வைத்திருந்தேன். வீட்டுப் போர்த் தண்ணீர் ஒரு பாட்டில், புனலூர் அறையின் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். இரண்டிலும் சோப்பை ஒரே அளவு சீவிப் போட்டுக் குலுக்கினோம். கிணற்றுத் தண்ணீரில் நுரை பாட்டில் கழுத்துவரை எழும்பி நின்றது. போர்த் தண்ணீரில் கொஞ்சம் எழும்பி அடங்கி, மேலே தயிர்போலத் திரி திரியாக மிதந்தது.

அந்தத் திரிதான் அடித்தட்டில் இறுகியிருந்த கசடு. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தால் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. மலைக்குக் கிழக்கே மழைமறைவுப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் கடின நீர் சாதாரணம். தீர்வுக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணிக் குழாயில் பிடித்துவைத்த ஒரு செம்புத் தண்ணீர் சவரத்துக்குப் போதும். ரேசரை வாரம் ஒருமுறை கழற்றி, வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் கசடு போய்விடும். பித்தளையும் முலாமும் அமிலத்தில் கெடும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறக்கூடாது.

முடி ஓடும் திசை

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம். செலவிடத் தகுந்ததும் இதுதான்.

எல்லோரும் முடி மேலிருந்து கீழே வளர்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். கன்னத்தில் சரி. கழுத்தில் அப்படி இல்லை. இரண்டு நாள் முள் இருக்கும்போது ஒரு பஞ்சுத் துணுக்கைத் தோல்மீது நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்தால் தெரியும்: வழுக்கிக்கொண்டு போகும் பக்கம் முடியின் திசை, இழை சிக்கும் பக்கம் எதிர்த்திசை. இவர் கழுத்தைப் படம் எடுத்து, அச்சிட்டு, பேனாவால் அம்பு போட்டோம். வலப்பக்கம் தாடைக்குக் கீழே இரண்டு விரற்கடை வரை கீழ்நோக்கி. அதற்கும் கீழே, காலர் பக்கம், மேல்நோக்கி. இடப்பக்கம் வேறு கதை. அங்கே முடி காதுப்பக்கமிருந்து குரல்வளை நோக்கிக் குறுக்கே படுத்திருந்தது; தாடை வளைவுக்குக் கீழே ஒரு சுழி. கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் போகிறவர் அந்தச் சுழியில் ஒரு பக்கம் எதிர்த்தும் மறுபக்கம் குறுக்காகவும் வெட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்த்திசையில், தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்து வெட்டும்போது முடி சாய்வாக, கூர்முனையோடு அறுபடுகிறது. கையை விட்டதும் தோல் பழைய இடத்துக்கு வர, முனை தோலுக்குக் கீழே பதுங்கிவிடும். நேர்முடி நேராக வெளியே வரும். சுருட்டை முடி வளர வளர வளைந்து, வேர்ப்பையின் சுவரையே குத்தும், அல்லது வெளியே வந்து திரும்பிப் பக்கத்துத் தோலில் நுழையும். உடம்புக்கு அது முள் குத்தியதற்குச் சமம், சிவந்து வீங்குகிறது. மழமழப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பரு என்பது இவரைப் போன்றவர்களின் கணக்கு. தடவினால் லேசாக முள் தட்டுகிற சவரம்தான் அவருக்கு நல்ல சவரம். இதை ஏற்றுக்கொள்ள அவர் நாளெடுத்துக்கொண்டார். அலுவலகக் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று ஒரு வாரம் போய்வந்த பிறகுதான் நம்பினார்.

செய்யச் சொன்னது

முதலில் நான்கு வாரம் சவரமே வேண்டாம். அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தேன்; ட்ரிம்மரில் முள்ளளவு விட்டு வெட்டிக்கொண்டார். பருவுக்குப் பூசும் மருந்துகள் இரண்டு: காலையில் பென்சாயில் பெராக்சைடு (துண்டையும் காலரையும் வெளுத்துவிடும், காய்ந்தபின் சட்டை போடச் சொல்ல வேண்டும்), இரவில் அடாபலீன் மெல்லிய பூச்சு. வளையமாகத் தெரிந்த முடிகளின் முனையைச் சுத்தப்படுத்திய ஊசியால் நிமிர்த்திவிட்டேன், பிடுங்கவில்லை. பிடுங்கினால் திரும்ப முளைப்பது உள்ளேயே வளையும்.

பிறகு சவரத்தைப் புதிதாகத் தொடங்கினார். குளித்து முடித்த கையோடு, அல்லது வெந்நீரில் பிழிந்த துண்டை 2, 3 நிமிடம் கழுத்தில் வைத்த பிறகு. தண்ணீர் குடித்து ஊறிய முடிக்கு வெட்டுப்பட வேண்டிய விசை வெகுவாகக் குறையும். நுரையின் வேலை அந்த ஈரத்தைக் காப்பதும் வழுக்கலைத் தருவதும். நுரைக்கு அடியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது மலைக்கு இரண்டு பக்கமும் உள்ள வழக்கம்; எண்ணெய் நுரையை அடக்கும், பிளேடை அடைக்கும், பரு வரும் கழுத்துக்கு ஆகவும் ஆகாது. அதை விடச் சொன்னேன்.

கோணம் கண்டுபிடிக்க: ரேசரின் மூடி மட்டும் கன்னத்தில் பட, கைப்பிடி தரைக்கு இணையாக இருக்கட்டும். அங்கிருந்து கைப்பிடியை மெல்லக் கீழிறக்கினால் ஓரிடத்தில் சர்ரென்று முடி அறுபடும் ஒலி கேட்கும். பிளேடுக்கும் தோலுக்கும் ஏறத்தாழ 30 பாகை. அந்த ஒலியைக் காதால் பிடித்துக்கொண்டால் கண்ணாடி இரண்டாம்பட்சம். கட்டைவிரல் நகத்தளவு சிற்றிழுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பிறகு அலசல். நுரை இல்லாத இடத்தில் ரேசர் போகவே கூடாது. படத்தில் உள்ள அம்பின் வழியே ஒரு சுற்று. போதாதென்று தோன்றினால் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக இன்னொரு சுற்று, கன்னத்தில் மட்டும். கழுத்தில் ஒன்றோடு சரி. குரல்வளை மேட்டில், எச்சில் விழுங்கிப் பிடித்தால் மேடு நகரும். அல்லது தோலை விறைப்பாக்காமல் பக்கவாட்டில் லேசாக நகர்த்திச் சமதளத்துக்குக் கொண்டுவந்து வழிக்கலாம். வெட்டைத் தவிர்க்கத் தோல் சமதளமாக வேண்டும், பருவைத் தவிர்க்கத் தோல் விறைக்கக் கூடாது. நகர்த்துவது இரண்டுக்கும் பொருந்துகிறது.

பிளேடு விஷயத்தில் சுருக்கமாக: அடர்ந்த தாடிக்கு நான்கைந்து சவரம், இழுப்பதுபோல் தோன்றினால் அதற்கு முன்பே. எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான முடி, வளைந்துகொடுக்கும்போது பிளேடின் விளிம்பை நுண்ணிய சில்லாகப் பெயர்த்துவிடுவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். துண்டால் விளிம்பைத் துடைப்பது அதன் மேல்பூச்சைக் கெடுக்கும். அலசி, உதறி, காயவிட்டால் போதும். இன்னொருவர் பயன்படுத்திய பிளேடை எடுக்கவே கூடாது, அப்பா மகன் ஆனாலும். ஹெபடைடிஸ் பி, சி ரத்தத்தில் பரவுகிறவை. பழைய பிளேடுகளை மூடியில் கீறல்போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைக்கச் சொன்னேன். குப்பையில் வெறுமனே போட்டால் வெட்டுப்படுவது தூய்மைப் பணியாளரின் கை.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், ஒற்றியெடுத்தல், வாசனையும் ஆல்கஹாலும் இல்லாத மாய்ஸ்சரைசர். கீறல் விழுந்தால் நனைத்த படிகாரத்தை அந்த இடத்தில் மட்டும் சில நொடி அழுத்திப் பிடிக்கலாம். கழுத்து முழுக்கத் தேய்த்தால் காந்தலும் வறட்சியும்தான் மிச்சம்.

நடந்தது

சவரத்தைத் திரும்பத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வெட்டு நின்றது. கசடு எடுத்த ரேசரும் தளர்ந்த பிடியும் போதுமானதாக இருந்தன. எரிச்சல் நல்ல தண்ணியும் ஒரே சுற்றுமாகச் சேர்ந்து படிப்படியாக அடங்கியது. பரு பங்குனி வரை இழுத்தது. ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் கூடுதலாகச் சிவந்து அவரைப் பயமுறுத்தியது, அதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் பழைய டியூபைத் தேடிப் போகவில்லை. கருத்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. மாதங்கள் எடுக்கும், வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் கொடுத்திருக்கிறேன்.

இடத் தாடை வளைவின் சுழியில் மட்டும் எப்போதாவது இரண்டு மூன்று மேடுகள் எழும்புகின்றன. அம்பு எந்தப் பக்கம் போட்டாலும் ஏதாவது ஒரு முடிக்கு எதிராகத்தான் போகும் இடம் அது. அங்கே ரேசரை விட்டுவிட்டு ட்ரிம்மர் ஓட்டிக்கொள்கிறார். மாலை கழட்டிய நாளின் சவரத்துக்குத் தனிக் குறிப்பும் கொடுத்திருக்கிறேன்: நீண்ட தாடியில் ரேசரை நேராக வைக்காமல், முதல் நாள் கத்தரியும் ட்ரிம்மரும் மட்டும், மறுநாள் பஞ்சு வைத்துத் திசையைப் புதிதாகப் பார்த்துவிட்டு, புது பிளேடில் ஒரே ஒரு சுற்று.